சொற்றொடரைப் பிரிக்கும் கணக்கு

"பித்தளைக் குடமும் தவலையும் இருபது அனுப்பவும்." பாத்திர வியாபாரத்தில் இருப்பவனுக்கு இப்படி ஒரு சீட்டு வந்தால் உடனே சரக்கைக் கட்டிவிட மாட்டான். குடம் மட்டும் பித்தளையா, தவலையும் பித்தளையா? இருபது என்பது இரண்டும் சேர்ந்தா, வகைக்கு இருபதா, இல்லை தவலைக்கு மட்டும் சொன்ன கணக்கா? இரண்டு கேள்வியும் சேர்ந்தால் மூவிரண்டு ஆறு பொருள். எழுதியவர் மனசில் ஒன்றுதான் இருந்திருக்கும். போன் போட்டுக் கேட்டால் தீர்ந்தது.

ஆனால் படிப்பது கணிப்பொறியாக இருந்தால்? இன்றைக்கு வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் அதுதான் நடக்கிறது. இந்தியோ வங்காளமோ மராத்தியோ படித்து வளரும் பேரப்பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைக் கைப்பேசியிடம் கொடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். "ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாமாவின் மருமகன் பேசினார்" என்று ஒரு வரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது மாமாவா, மருமகனா? யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பது? ஒரு சொல்லை எந்தச் சொல்லோடு சேர்ப்பது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

இப்படிச் சேர்த்தும் பிரித்தும் பார்க்கும் வேலையை ஆங்கிலத்தில் பார்சிங் என்பார்கள். தொடர்ப் பகுப்பு என்று நாம் வைத்துக்கொள்வோம். கணிப்பொறி இதை எப்படிச் செய்கிறது, அதற்குள் வேகம் எப்படி வந்தது என்பதை மலர் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. அடியேன் கல்லூரியில் கணிப்பொறி படித்தவன் அல்லன். கடைப் பேரேடும் நன்னூலும்தான் என் மூலதனம். இந்த விஷயத்துக்கு அவை இரண்டுமே பயன்படுகின்றன என்பதை வாசகர்கள் போகப்போகக் காண்பார்கள்.

தொடருக்குள் இருக்கும் மரம்

அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1956இல் ஒரு கட்டுரையும், 1957இல் 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற சிறு நூலும் வெளியிட்டார். மொழியின் இலக்கணத்தைக் கணித விதிகள் போல எழுதும் வழியை அவை காட்டின. தொடர் என்பது எழுவாய்ப் பகுதியும் பயனிலைப் பகுதியும் சேர்ந்தது. பெயர்த்தொடர் என்பது ஒரு பெயரடையும் இன்னொரு பெயர்த்தொடரும் சேர்ந்தது. இப்படி விதிக்குள் விதியாகப் போனால் கடைசியில் தனிச்சொல் வந்து நிற்கும். இதைப் படமாக வரைந்தால், வேர் மேலேயும் இலை கீழேயும் உள்ள மரம் போலத் தெரியும். இலைகள்தான் சொற்கள்.

பகுப்பு என்றால் கொடுத்த தொடருக்கு இந்த மரத்தைக் கண்டுபிடிப்பது. ஒரே தொடருக்குப் பல மரம் கிடைத்தால் அதற்குப் பல பொருள் என்று அர்த்தம். இது நம் பெரியவர்கள் அறியாதது அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி என்னும் சமண முனிவர் இயற்றிய நன்னூல், தொகைச்சொல் ஒன்று இரண்டு முதல் ஏழு வரை பொருள் தரும் என்று கணக்குச் சொல்லியே வைத்திருக்கிறது. 'மரவேலி' என்று சொல்லிப் பாருங்கள். மரத்தால் ஆன வேலியா, மரத்துக்கு இட்ட வேலியா, மரமே வேலியாக நிற்பதா? உருபு மறைந்தவுடன் பொருள் பெருகிவிடுகிறது.

எத்தனை மரம்?

ஓர் எளிய உதாரணம்: "பழைய புத்தகக் கடை வாசல்". நாலே சொல். பழையது எது? பழைய புத்தகம் விற்கும் கடையின் வாசல் என்று ஒரு பொருள். பழசாகிப்போன புத்தகக் கடையின் வாசல் என்று இன்னொன்று. புத்தகக் கடையின் பழைய வாசல் என்று மூன்றாவது. 'கடை வாசல்' என்பதை முதலில் ஒன்றாகக் கட்டிவிட்டால் மேலும் இரண்டு கட்டு வரும். அவற்றின் பொருள் வித்தியாசம் நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இயந்திரத்துக்கு அவையும் மரங்கள்தான். ஆக மொத்தம் 5.

சொல் கூடக்கூட இது எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டிரண்டாகக் கட்டும் முறையில் 3 சொல்லுக்கு 2 கட்டு, 4 சொல்லுக்கு 5, 5 சொல்லுக்கு 14, 6 சொல்லுக்கு 42, 10 சொல்லுக்கு 4,862, 15 சொல்லுக்கு 26,74,440. இருபது சொல்லுக்கு 176,72,63,190. அதாவது 176 கோடிக்கு மேல்! இவற்றுக்குக் கணிதத்தில் கட்டலான் எண்கள் என்று பெயர். ஒரு மரத்துக்கு ஒரு விநாடி என்று உட்கார்ந்து பார்த்தால் இருபது சொல் தொடருக்கு 56 வருஷம் ஆகும்.

இலக்கண விதிகள் இவற்றில் பலவற்றைத் தள்ளிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் மிஞ்சுவது கொஞ்சமல்ல. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது பொருள்களின் எண்ணிக்கை இதே கட்டலான் கணக்கில்தான் ஏறுகிறது என்று கென்னத் சர்ச், ரமேஷ் பாட்டீல் என்ற இருவர் 1982இல் எடுத்துக் காட்டினார்கள். எனவே ஒவ்வொரு மரமாக நட்டுப் பார்க்கும் முறை ஆகாது. வேறு வழி வேண்டும்.

பேரேட்டு முறை

வேறு வழி என்னவென்றால், கடைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஒரு தடவை போட்ட கணக்கை மறுபடி போடாதே, பேரேட்டில் எழுதி வைத்துக்கொள், வேண்டும்போது எடுத்துப் பார். அவ்வளவுதான்.

மேலே சொன்ன உதாரணத்தையே பாருங்கள். 'புத்தகக் கடை' என்ற கட்டு இரண்டாவது பொருளிலும் வருகிறது, மூன்றாவது பொருளிலும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாக ஆராய்வது வீண் வேலை. "2ஆம் சொல் முதல் 3ஆம் சொல் வரை: பெயர்த்தொடர்" என்று ஏட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

இந்த முறையை 1960களில் ஜான் காக், டேனியல் யங்கர், ஜப்பானின் டடாவோ கசாமி ஆகிய மூவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கசாமியின் அறிக்கை 1965, யங்கரின் கட்டுரை 1967. மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து சி.கே.ஒய். அல்காரிதம் என்கிறார்கள். அல்காரிதம் என்றால் வேறொன்றும் இல்லை, படிப்படியான கணக்கு வழிதான்.

ஏட்டில் எத்தனை பக்கம் வேண்டும்? தொடரின் எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிகிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம். நாலு சொல் தொடருக்கு ஒரு சொல் துண்டு 4, இரு சொல் துண்டு 3, மூன்று சொல் துண்டு 2, முழுத்தொடர் 1. மொத்தம் 10 பக்கம். இருபது சொல்லுக்கு 210 பக்கம்.

சின்னத் துண்டிலிருந்து பெரிய துண்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு துண்டையும் எந்த இடத்தில் இரண்டாக வெட்டலாம் என்று பார்க்க வேண்டும். இடது பாதிக்கும் வலது பாதிக்கும் ஏட்டில் ஏற்கெனவே பதிவு இருக்கும். அந்த இரண்டையும் சேர்க்க ஒரு விதி இருந்தால் புதுப் பதிவு போட வேண்டும், இல்லைன்னா விட்டுவிட வேண்டும். (இதற்கு வசதியாக எல்லா விதியும் 'இரண்டு சேர்ந்து ஒன்று' என்ற வடிவில் இருக்க வேண்டும். வேறு வடிவில் உள்ள விதிகளை முன்கூட்டியே அப்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம்.)

நம் நாலு சொல் தொடரைப் போட்டுப் பார்ப்போம். முழுத்தொடரை முதல் சொல்லுக்குப் பின் வெட்டினால், இடப்பக்கம் 'பழைய', வலப்பக்கம் 'புத்தகக் கடை வாசல்'. வலப்பக்கத்துக்கு ஏட்டில் 2 வழி எழுதியிருக்கும். எனவே 1 × 2 = 2. இரண்டாம் சொல்லுக்குப் பின் வெட்டினால் 1 × 1 = 1. மூன்றாம் சொல்லுக்குப் பின் வெட்டினால் 'பழைய புத்தகக் கடை' 2 வழி, 'வாசல்' 1 வழி, ஆக 2. கூட்டினால் 5. ஐந்து மரத்தையும் வரையாமலே ஐந்தும் நம் கைக்கு வந்துவிட்டன. எல்லா மரமும் அந்த ஏட்டுக்குள்ளேயே சுருங்கி இருக்கின்றன.

இதில் லாபம் எவ்வளவு? இருபது சொல் தொடரில் மொத்தம் பார்க்க வேண்டிய வெட்டுகள் 1,330 மட்டுமே. ஒரு வெட்டுக்கு ஒரு விநாடி என்றால் 22 நிமிஷம். 56 வருஷம் எங்கே, 22 நிமிஷம் எங்கே! (ஒவ்வொரு வெட்டிலும் எத்தனை இலக்கண விதியைச் சோதிக்கிறோமோ அத்தனை மடங்கு கூடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.) தொடரின் நீளம் இரட்டித்து 40 சொல் ஆனால் 10,660 வெட்டு, அதாவது ஏறத்தாழ எட்டு மடங்கு. நீளம் இரட்டித்தால் வேலை எட்டு மடங்காகும் கணக்கை 'என் கனம்' என்பார்கள்.

நிலுவைச் சீட்டு முறை

பேரேட்டு முறையில் ஒரு குறை உண்டு. எதற்கும் உதவாத துண்டுகளையும் அது எழுதி வைக்கும். தொடரின் தொடக்கத்திலிருந்து, "இங்கே என்ன வர வேண்டும்?" என்று எதிர்பார்த்துக்கொண்டே போனால் வீண் பதிவு குறையும். ஜே ஏர்லி என்பவர் 1968இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டில் இதைச் செய்தார். 1970இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

இதை ஆர்டர் புத்தகம் போல நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விதியும் ஓர் ஆர்டர். எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு நிலுவை என்பதைக் காட்ட விதிக்குள் ஒரு புள்ளி வைப்பார் ஏர்லி. புள்ளிக்கு இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் வர வேண்டியது. மூன்றே வேலைகள். ஒன்று எதிர்பார்ப்பு: நிலுவையில் பெயர்த்தொடர் இருக்கிறதா, பெயர்த்தொடரின் விதிகளையும் புத்தகத்தில் எழுது. இரண்டு வரவு: எதிர்பார்த்த சொல்லே வந்ததா, புள்ளியை ஓர் இடம் நகர்த்து. மூன்று முடிப்பு: ஓர் ஆர்டர் முழுசாக நிறைவேறியதா, அதற்காகக் காத்திருந்த பெரிய ஆர்டரில் போய்ப் புள்ளியை நகர்த்து. கடைசிச் சொல்லோடு 'தொடர்' என்ற ஆர்டர் நிறைவேறினால் வாக்கியம் சரி.

இந்த முறை மோசமான நிலையில் என் கனம்தான். பொருள் மயக்கம் இல்லாத இலக்கணத்துக்கு நீளத்தின் வர்க்க அளவில் முடியும். கணிப்பொறி மொழிகள் போன்ற பல இலக்கணங்களுக்கு நீளத்துக்கு நேர் விகிதத்திலேயே முடிந்துவிடும்.

தமிழுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. "என் அண்ணனின் மாமனாரின் வீட்டின் வாசல்" என்கிறோம். நம் மொழி இடப்பக்கமாகவே நீண்டுகொண்டு போகும். இதற்கு விதி எழுதினால், பெயர்த்தொடர் என்பது 'பெயர்த்தொடர், அதன்பின் பெயர்' என்று ஆகும். விதியின் முதல் உறுப்பே அந்த விதிதான். எதையும் எழுதி வைக்காமல் மேலிருந்து கீழே தேடும் பழைய முறைக்கு இந்த விதியைக் கொடுத்தால், "பெயர்த்தொடர் தேட வேண்டும், அதற்கு முதலில் பெயர்த்தொடர் தேட வேண்டும்" என்று செக்கு மாடு போல முடிவில்லாமல் சுற்றும். ஏர்லி முறையில் அந்தத் தொல்லை கிடையாது. ஒரே ஆர்டரை ஒரே இடத்தில் இரண்டு தடவை எழுதக்கூடாது என்பது அதன் சட்டம். அந்த ஒரு சட்டமே சுற்றலை நிறுத்திவிடுகிறது.

இதற்குப் பின் ஜப்பானியரான மசாரு டொமிட்டா, அதே கார்னகி மெலனில் 1985இல் ஆய்வேடு சமர்ப்பித்தார். கணிப்பொறி மொழிகளுக்காக டொனால்ட் நூத் 1965இல் சொன்ன வேகமான முறையை எடுத்து, இயற்கை மொழியின் பொருள் மயக்கத்தையும் தாங்கும்படி விரித்தார் அவர். எங்கே வழி இரண்டாகப் பிரிகிறதோ அங்கே இரண்டிலும் போவது, மறுபடி ஒன்றுசேரும் இடத்தில் ஒன்றாக்கிவிடுவது என்பது அதன் சாரம். பெயர் வேறானாலும், செய்ததைத் திரும்பச் செய்யாதே என்ற அடிப்படை ஒன்றுதான்.

நிரனிறை தரும் சிக்கல்

இதுவரை சொன்னது எல்லாம் சாம்ஸ்கி வகுத்த 'சூழல் சாரா இலக்கணம்' என்ற வகைக்கு. மனித மொழிகள் எல்லாம் அந்த வகைக்குள் அடங்குமா என்று பெரிய விவாதம் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள நம் பொருள்கோள் பாடமே போதும்.

நிரனிறைப் பொருள்கோளை நன்னூல் இரண்டாகச் சொல்கிறது. ஒன்று முறையில் வருவது, மற்றது எதிரில் வருவது. "கண்ணன், கமலா, கன்றுகள் முறையே ஓடினான், பாடினாள், மேய்ந்தன" என்றால் அது முறை நிரனிறை. முதலாவது முதலாவதோடு, இரண்டாவது இரண்டாவதோடு சேரும். இதையே "மேய்ந்தன, பாடினாள், ஓடினான்" என்று திருப்பிச் சொன்னால் எதிர் நிரனிறை.

எழுவாயிலிருந்து பயனிலைக்குக் கோடு போட்டுப் பாருங்கள். எதிர் நிரனிறையில் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும். கடையில் அடுக்கி வைத்த பாத்திரம் மாதிரி, கடைசியில் வைத்தது முதலில் கைக்கு வரும். சூழல் சாரா இலக்கணம் இதைச் சுலபமாகச் செய்யும். முறை நிரனிறையில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். அடுக்கின் அடியில் இருப்பதை முதலில் உருவ வேண்டியிருக்கும். எண்ணிக்கைக்கு எல்லை இல்லாமல் இப்படி வந்தால் சூழல் சாரா இலக்கணத்தால் முடியாது.

ஆங்கிலத்தின் 'முறையே' வாக்கியங்களைக் காட்டி வாதித்தவர்கள் உண்டு. அந்தப் பொருத்தம் பொருளைச் சேர்ந்தது, இலக்கணத்தைச் சேர்ந்ததல்ல என்று அதற்கு மறுப்பு வந்தது. அதுவரை சொல்லப்பட்ட ஆதாரங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஜெஃப்ரி புல்லம், ஜெரால்ட் காஸ்டர் இருவரும் 1982இல் மறுத்து எழுதினார்கள். பிறகு 1985இல் ஸ்டுவர்ட் ஷீபர், சுவிட்சர்லாந்தில் பேசும் ஜெர்மன் மொழியை எடுத்துக்கொண்டு விவாதத்தை முடித்துவைத்தார். அந்த மொழியில் பெயர்கள் எல்லாம் முன்னே வரிசையாக நிற்கும். வினைகள் அதே வரிசையில் பின்னே நிற்கும். எந்த வினைக்கு உரிய பெயரோ, அந்த வினை கேட்கும் வேற்றுமையை அந்தப் பெயர் ஏற்றிருக்கும். வேற்றுமை என்பது இலக்கணமேயன்றி வேறில்லை என்பதால் மறுக்க வழியில்லாமல் போயிற்று. நம் நிரனிறை பெரும்பாலும் செய்யுள் வழக்கு. ஆகவே அதைக் கொண்டு நிரூபணம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் வடிவம் ஒன்றே என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த வெட்டுக் கோடுகளையும் தாங்கும் இலக்கணம் ஒன்றை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்தவர் நம் நாட்டவர். புனேயில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அரவிந்த் ஜோஷி. இவர் 2017இல் காலமானார். லெவி, தகாஹாஷி ஆகியோருடன் 1975இல் அவர் வெளியிட்டது மர இணைப்பு இலக்கணம். இதில் தனிச்சொல்லுக்குப் பதில் சிறுசிறு மரங்களே செங்கல். ஒரு மரத்தின் நடுவில் இன்னொரு மரத்தைச் செருகலாம். அதற்கு விலையும் உண்டு. இதற்கான பகுப்பு முறை நீளத்தின் ஆறாம் அடுக்கில் போகும். நீளம் இரட்டித்தால் வேலை 64 மடங்கு. இலக்கணத்துக்குச் சக்தி கூடினால் கணக்குக்குச் செலவு கூடும் என்பது இத்துறையின் நிரந்தர நியதி.

உருபு இருக்க வரிசை எதற்கு?

ஆங்கிலத்தில் சொல்லின் இடம்தான் அதன் வேலையைச் சொல்லும். தமிழில் உருபு சொல்லும். "கண்ணனுக்குப் பாட்டி பால் கொடுத்தாள்" என்பதன் நாலு சொல்லை 24 விதமாக மாற்றி வைக்கலாம். பேச்சில் எல்லாமே செல்லும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு விதி எழுதிக்கொண்டிருந்தால் இலக்கணம் வீங்கிவிடும்.

இங்கே பாணினியின் காரகக் கருத்து கைகொடுத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோர் இந்திய மொழிகளுக்காக இந்த வழியில் உழைத்தார்கள். அக்ஷர பாரதி என்ற பொதுப்பெயரையும் சேர்த்து 1995இல் நூலும் வெளியிட்டார்கள். இதில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு தேவைப் பட்டியல். 'கொடு' என்றால் கொடுப்பவர், கொடுக்கும் பொருள், பெறுபவர் வேண்டும். பெறுபவருக்கு 'கு' உருபு. ஒவ்வொரு தேவைக்கும் ஒரே பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரே இடம். பிறகு இது வரன் பொருத்தம் பார்ப்பது போல, இரு பக்கத்துப் பட்டியலையும் ஜோடி சேர்க்கும் கணக்காக மாறிவிடுகிறது. அதற்கு வேகமான வழிகள் கணிதத்தில் முன்பே உண்டு.

மேலே சொன்ன தொடரில் 'பாட்டி', 'பால்' இரண்டுக்கும் உருபு இல்லை. கொடுத்தது பாலா, பாட்டியா? 'கொடுத்தாள்' என்ற விகுதி உயர்திணைப் பெண்பால். பால் அஃறிணை. தீர்ந்தது வழக்கு. பள்ளியில் திணை, பால், எண், இடம் என்று மனப்பாடம் செய்தோமே, அது எதற்கு என்று அப்போது புரியவில்லை. இந்த இயந்திரத்துக்கு அதுதான் தராசு.

இப்படிச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நேரே உறவு பார்க்கும் முறையைச் சார்பு இலக்கணம் என்கிறார்கள். இதற்கு ஜேசன் ஐஸ்னர் 1996இல் என் கனத்தில் முடியும் வழியைச் சொன்னார். ஸ்வீடனின் யோக்கிம் நிவ்ரே 2003இல் இன்னும் வேகமான வழியைச் சொன்னார். இடமிருந்து வலம் ஒரே ஓட்டம். படிகள் சொல் எண்ணிக்கையின் இரு மடங்கைத் தாண்டாது. இருபது சொல்லுக்கு நாற்பது படி. ஆனால் அந்தந்த இடத்திலேயே முடிவு எடுத்துவிட வேண்டும், பின்னால் போய்த் திருத்த முடியாது. வேகத்துக்கு அது கொடுக்கும் விலை.

எந்த மரம் சரி?

மரங்களைக் கண்டுபிடித்தாலும் அவற்றுள் எது சரி? "பழைய புத்தகக் கடை" என்றதும் நமக்குப் பழைய புத்தகம் விற்கும் கடைதான் மனசில் வருகிறது. பழக்கம்தான் காரணம். இயந்திரத்துக்கு அந்தப் பழக்கத்தை ஊட்ட வேண்டும் என்றால், ஆட்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான தொடர்களுக்குச் சரியான மரத்தைக் கையால் எழுதித் தர வேண்டும். அந்தத் தொகுப்புக்கு மரவங்கி என்று பெயர். அதிலிருந்து எந்த விதி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, ஏட்டின் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு மதிப்பெண் போடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் அதிக மதிப்பெண் பெற்றதை வைத்துக்கொண்டு போனால், முடிவில் அதிக வாய்ப்புள்ள மரம் கிடைக்கும். அதே பேரேடு, கூடுதலாக ஒரு பத்தி மட்டும்.

ஆங்கிலத்துக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1990களின் தொடக்கத்தில் இப்படி ஒரு வங்கியைத் தயாரித்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் சொற்கள். தமிழுக்கு? செக் நாட்டின் தலைநகரான பிராகாவில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தயாரான தமிழ் மரவங்கியில் 600 தொடர்கள். செய்தவர்களை வணங்க வேண்டும். ஆனால் 600 எங்கே, 10 லட்சம் சொல் எங்கே? இயந்திரத்தின் தமிழ் தடுமாறுகிறது என்றால், அதற்கு ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது.

இன்றைய நிலை

2017இல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற புதிய அமைப்பை வெளியிட்டார்கள். இன்றைய மொழிபெயர்ப்பு இயந்திரங்களும் உரையாடும் இயந்திரங்களும் அதன் வழி வந்தவை. இவை வெளிப்படையாக மரம் வரைவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் மற்ற எல்லாச் சொல்லோடும் ஒப்பிட்டு, எதற்கு எது நெருக்கம் என்று கோடிக்கணக்கான தொடர்களைப் படித்துத் தாமே பழகிக்கொள்கின்றன. இருபது சொல்லுக்கு 400 ஒப்பீடு, அதுவும் பல அடுக்குகளில். அப்படின்னா பழைய முறைகள் வீணா? இல்லை. கணிப்பொறி நிரல்கள் எல்லாம் இன்றைக்கும் இலக்கண விதிப்படி பகுக்கப்பட்டுத்தான் ஓடுகின்றன. மேலும் புது இயந்திரம் தவறினால் எங்கே தவறியது என்று காட்ட மரம் கிடையாது. பழைய முறையில் எந்த விதியால் எந்தச் சொல் எதோடு சேர்ந்தது என்று ஏட்டைப் புரட்டிக் காட்டலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விதியைக் கொடுத்துச் செய்வித்தபோது இலக்கணம் தெரிந்தவர் சிலர் இருந்தால் போதும். உதாரணத்தைப் பார்த்துக் கற்கும் இயந்திரத்துக்கு எழுத்துக் குவியல் வேண்டும். மக்கள் நல்ல தமிழில் எவ்வளவு எழுதுகிறார்களோ அவ்வளவுதான் அதன் தமிழ். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் பெருகினால், உருபும் விகுதியும் ஆளுக்கொரு மாதிரியாகச் சிதையும். எவை பொருளைக் காப்பாற்றும் என்று மேலே கண்டோமோ, அவைதான் முதலில் அடிபடும்.

எனவே வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளை உட்கார வைத்து, ஊரிலிருந்து வந்த ஒரு செய்தியையோ இந்த மலரில் ஒரு பத்தியையோ எடுத்து, யார், எதை, யாருக்கு, எது எதோடு சேரும் என்று கேளுங்கள். பொருள்கோள் என்று பெரிய பெயர் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், விளையாட்டாகவே கேளுங்கள். இரண்டு பொருள் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஒரு மிட்டாய். அதோடு அவர்களைத் தமிழ் எழுத்திலேயே பாட்டிக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து, இலக்கணம் தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு, மாதம் ஐம்பது தொடருக்கு மரம் எழுதினால் ஒரு வருஷத்தில் 600 ஆகும். ஒரு பல்கலைக்கழகம் செய்த அளவு அது. ஒரு சங்கத்தால் ஆகக்கூடிய காரியம்தான்.

சொல்லோடு சொல்லைச் சரியாகச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, இயந்திரம் சொல்வது சரியா தப்பா என்று சொல்லவும் தெரியும். தெரியாத பிள்ளை அது சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும். உடம்பு சரியில்லாதது மாமாவுக்கா மருமகனுக்கா என்பதை நம் வீட்டுக்குள்ளேயே ஒருவர் படித்துச் சொல்லும் நிலைமை இன்னும் ஒரு தலைமுறைக்காவது இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.